நான் கலர் அடித்த பட்டியல்

“...பிரிக்கறதுன்னாப் பிரிச்சுக்குங்க, மாஷே. நான் ஒண்ணும் குறுக்க வந்து நிக்கல. ஆனா இந்தச் செவப்புத் தாள்ல ஒரு பேரு விட்டுப் போச்சுங்களே. அதையும் எழுதிப்போட்டு அப்புறம் பிரிக்கலாமுங்க.”

டீச்சர் இதைச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எங்கள் பள்ளிக்கூட ஹாலில், பி.டி.ஏ. என்கிற பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில். கேரள எல்லையோரத்து எங்கள் வேலந்தாவளத்தில் அன்று சந்தை இல்லை. அதனால் அம்மாக்களோடு அப்பாக்களும் வந்து நிறைந்திருந்தார்கள். மேடைச் சுவரில் மூன்று தாள்கள் ஒட்டியிருந்தன. பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. ஆறாம் வகுப்பு தமிழ் டிவிஷனில் படித்த குழந்தைகள் எல்லோருடைய பெயரும் அந்த மூன்றில் ஏதோ ஒன்றில் இருந்தது. ஹெட்மாஷ் என்று நாங்கள் கூப்பிடும் தலைமையாசிரியர் கையிலிருந்த மைக்கை இறக்கிக்கொண்டு, “ஆருடெ பேரு டீச்சரே?” என்று கேட்டார். விட்டுப்போனது யாருடைய பெயர் என்று அந்த ஹாலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் டீச்சர். இன்னொருவன் நான். அந்தப் பெயரை எடுத்தவனே நான்தான்.

சில வருஷங்கள் போய்விட்டன. இன்னும் இதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. கோபம் ஆறிப்போகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறட்டும் என்று நானும் காத்துத்தான் பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை என்பதால் எழுதிவைக்கிறேன்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் அட்டண்டன்ட். எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் ஊடு. பத்தாவதோடு நின்றவன். கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கற்றவர்கள் தட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிரிண்டர் மக்கர் பண்ணினால் மாஷ்மார்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைதான் இந்தக் கதையில் எல்லாவற்றையும் கெடுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

டீச்சர் பெருமாட்டிப் பக்கத்துக்காரர். விவசாயக் குடும்பம். ஸ்கூட்டரில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றும்போதே வாசலில் நிற்கும் குழந்தைகளோடு பேச்சை ஆரம்பித்துவிடுவார். அவர் எங்கள் பள்ளிக்கு வந்த வருஷம் ஆறாம் வகுப்பு தமிழ் டிவிஷன் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அவர் செய்த வேலை விளங்கும். ஒரே பெஞ்சில் மூன்று விதமான பிள்ளைகள். ஒருத்தன் தினத்தாளை எழுத்துக்கூட்டாமல் படிப்பான். பக்கத்தில் இருப்பவனுக்குத் தன் பெயரைத் தாண்டி எழுதவராது. அதற்கும் பக்கத்தில் இருக்கும் பெண், வீட்டில் இருளமொழி பேசுகிறவள். தமிழ் அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷை, மலையாளம் சர்க்கார் பாஷை. சர்க்கார் அனுப்புகிற பாட வீடியோ எல்லாம் மலையாளத்தில் வரும். தமிழ்ப் புத்தகமோ மலையாளத்திலிருந்து திருப்பி எழுதியது. அதைப் படித்த பிள்ளைகள், “டீச்சர், இது தமிழா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

டீச்சர் என்ன செய்தார் என்றால், படங்களைச் சேர்த்தார். இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. அதில் ஒரு பலகை மாதிரி விரித்து, படம், சின்ன வீடியோ, குரல், எழுத்து என்று வேண்டியதை எடுத்து ஒட்டிவைக்கலாம். நோட்டீஸ் போர்டில் குண்டூசி குத்துகிற மாதிரித்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் அவர் மூன்று பலகை செய்வார். நிலத்தடி நீர் பாடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் பலகையில் படம் மட்டும்: தோப்பில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டி, குழாயிலிருந்து பறக்கும் சாம்பல் நிறப் பொடி, அடி தெரிகிற கிணறு, மட்டை தொங்கிப்போன தென்னை, ஸ்பாஞ்சில் தண்ணீர் ஊற்றிப் பிழிகிற சத்தமில்லாத ஒரு வீடியோ. இரண்டாவதில் அதே படங்கள், கீழே ஒரு வரி தமிழ், தொட்டால் அந்த வரியை வாசிக்கும் டீச்சரின் குரல். மூன்றாவதில் படம் குறைவு. பாடம் முழுசாக, கிணற்று ஆழத்தைக் காட்டும் ஒரு கோட்டுப்படம், கடைசியில் நாலு கேள்வி. பாடம் ஒன்றுதான். உள்ளே போக மூன்று வழி.

படம் தேடுவதற்கே அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் தடவை இணையத்தில் கிணறு என்று தேடி எடுத்து ஒட்டினார். மேலே ஓட்டுக்கூரை, மரத்தொட்டி, கைப்பிடி வைத்த உருளை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “டீச்சர், இந்தக் கிணத்துக்கு ஊடு கட்டி வெச்சிருக்காங்க!” அன்றோடு அந்தப் படங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, “அண்ணா, நம்ம ஊருப் படத்த நாமதான் எடுக்கோணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வரப்பில் நின்று போன் பிடிப்பார். பிள்ளைகளின் அப்பா அம்மாக்களிடம் கேட்டு வாங்குவார். என் சித்தப்பா தோப்பில் போர் போட்டபோது படம் எடுத்துக்கொடுத்தவன் நான். அது பலகையில் ஏறிய அன்று, ஏதோ எனக்கே பட்டம் கொடுத்த மாதிரி நாள் முழுக்க நடந்தேன்.

இந்தப் பலகைகளுக்கு ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் கிடையாது. அதில் டீச்சர் கறார். பிள்ளைகள் அதிலுள்ள ஒரு படத்தை வைத்துப் பெயர் சொல்வார்கள்: “நான் இன்னைக்கு ஸ்பாஞ்சுடா”, “நான் போர் வண்டி.” யார் எதை வேண்டுமானாலும் திறக்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். கடைசியில் ஆளுக்கு ஒரு கேள்வியோடு வரவேண்டும், அவ்வளவுதான். நன்றாகப் படிப்பவனும் படப்பலகையில் போய் உட்காருவான், படிக்கத் தெரியாதவளும் மூன்றாவது பலகையின் கோட்டுப்படத்தை எட்டிப்பார்ப்பாள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கே தெரியாது. டீச்சருக்குத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழில் பெயர் அடித்து, தளத்துக்குள் நுழைய லாகின் என்று ஒரு வழி திறந்துவைத்திருந்தார். யார் எந்தப் பலகையை எத்தனை தடவை திறந்தார்கள் என்று தளம் அவருக்கு மட்டும் காட்டும். அதைப் பார்த்து அடுத்த நாளுக்குப் படத்தை மாற்றுவார். காலையில் லேப்டாப்களை எடுத்து வைத்துத் திறந்துவிடுவது என் வேலை என்பதால் அவருடைய பாஸ்வேர்ட் என்னிடமும் இருந்தது. “ஆருக்கும் காட்டவேண்டாமுங்க அண்ணா, இது குளந்தைங்க சமாச்சாரம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவேண்டிய ஆளாக என்னை அவர் நினைக்கவில்லை.

இந்த வகுப்பில்தான் ஆட்டுக்காரர் மகள் இருந்தாள். வீட்டில் இருளமொழி பேசுகிறவள் என்று சொன்னேனே, அவள்தான். அப்பா மலையடிவாரத்தில் பிறத்தியார் ஆடுகளை மேய்ப்பவர். அவள் பேசவே மாட்டாள் என்று முந்தைய வருஷத்து மாஷ் எழுதிவைத்துப் போயிருந்தார். நிலத்தடி நீர்ப் பாடத்தன்று நான் சார்ஜர் கொடுக்க உள்ளே போனேன். ஆறேழு பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் அந்தச் சாம்பல் பொடிப் படத்தைத் தொட்டுப் பெரிசாக்கி, “இது காஞ்ச பொடி. தண்ணி இன்னும் தூரம். கட்டி கட்டியா ஈரமா வந்தா அப்ப கிட்ட” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தோப்புக்காரர் பையன் ஒருத்தன், “உனக்கெப்படித் தெரியும்?” என்று கேட்டான். “போர் போடறப்ப ஆடு மிரளும். நான் புடிச்சுட்டு நிப்பேன். நின்னுட்டே பாப்பேன்” என்றாள். அதற்குப் பிறகு படப்பலகையில் எது புரியவில்லை என்றாலும் பிள்ளைகள் அவளிடம்தான் போவார்கள். அவளும் அலுக்காமல் தன் பெயரில் திறந்து திறந்து காட்டுவாள். டீச்சர் ஜன்னலோரம் நின்று அதைப் பார்த்துவிட்டு என்னிடம், “எனக்கு ஒரு அசிஸ்டென்ட் கெடச்சுட்டாங்க அண்ணா, சம்பளம் கேக்காத ஆளு” என்றார்.

இப்போது ஹெட்மாஷ். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ஒழுகிய கூரையை ஆள்பிடித்து மாற்றியது அவர்தான், ஹாலுக்குப் புரொஜெக்டர் வந்ததும் அவரால்தான். மேற்கே இருந்து மாறுதலில் வந்தவர், மலையாளி. தமிழ் கேட்டால் புரியும், கலந்து பேசவும் செய்வார், எழுத்துதான் தெரியாது. தமிழ் டிவிஷன் காகிதம் எது வந்தாலும் நான் வாசித்துச் சொல்ல, அவர் கையெழுத்துப் போடுவார். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் மேலே இருந்து யாராவது வருகிறார்கள் என்றால் மனிதருக்கு உடம்பெல்லாம் நடுங்கும். டீச்சரின் பலகைகளைப் பற்றி ஏதோ ஒரு பயிற்சி வகுப்பில் பேச்சு அடிபட்டு, அதைப் பார்க்க ஜில்லாவிலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. நடுக்கம் ஆரம்பித்தது. டீச்சரிடம் சொல்லித் தமிழில் தன் பெயருக்கும் ஒரு வழி திறக்கச்சொல்லி வாங்கி, தினம் ஆபீஸில் உட்கார்ந்து பலகைகளைப் பார்த்தார். அப்புறம் ஒரு வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

“எடோ, ஏது குட்டி ஏது பலகை நோக்குன்னு... ஒரு லிஸ்ட் வேணமே. வருன்னவர் டேட்டா சோதிக்கும்.”

எந்தப் பிள்ளை எந்தப் பலகையைப் பார்க்கிறது என்று வருகிறவர்கள் கேட்பார்களாம். டீச்சர் அன்று முதல் சில நாள் லீவு. நான் பாஸ்வேர்ட் போட்டேன். எவ்வளவு சுலபமாகப் போட்டேன் என்பதுதான் என்னைக் கொல்கிறது. ஹெட்மாஷ் கேட்டது வெறும் லிஸ்ட். கறுப்பு வெள்ளையில் ஒரு தாள் கொடுத்திருந்தால் அது அவர் மேஜை டிராயரில் கிடந்து செத்திருக்கும். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. அதிகமாக எழுத்துப் பலகையைத் திறந்தவர்களை ஒன்றாகச் சேர்த்தேன், குரல் பலகைக்காரர்களை ஒன்றாக, படப்பலகைக்காரர்களை ஒன்றாக. புதுக் கலர் பிரிண்டர் வந்திருந்தது. எடுப்பாக இருக்கட்டுமே என்று பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்தேன். சிவப்புத் தாளில் அதிகத் தடவை திறந்தவர் முதலில் என்று வரிசை. இரண்டாவது பெயர் ஆட்டுக்காரர் மகள்.

முதல் பெயர் ஹெட்மாஷுடையது.

பின்னே? தமிழ் எழுத்து தெரியாத மனிதர் எந்தப் பலகையைத் திறப்பார்? அவருடைய கணக்கில் படப்பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹெட்மாஷ் பேரைச் சிவப்பில் போடுவதா, அய்யோ என்று அந்த வரியை அழித்தேன். அழித்துவிட்டு மற்றவற்றைப் பிரிண்ட் கொடுத்தேன். பின்னால் எத்தனையோ பேரிடம் சொன்னேன், கலரில் என்னங்க இருக்கிறது, அடையாளத்துக்குத்தானே என்று. கலரில் ஒன்றுமில்லை என்றால் அவர் பெயரை ஏன் எடுத்தாய், நாயே? பெரிய மனிதருக்கு அவமானம் என்று உனக்குத் தெரிந்தது, பதினோரு வயதுப் பெண்ணுக்கு அவமானம் என்று ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஷேவ் பண்ணும்போது நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஹெட்மாஷ் தாள்களைப் பார்த்து மகிழ்ந்துபோனார். “கலக்கி!” என்று முதுகில் தட்டினார். எடுத்துக்கொண்டு போய் ஆறாம் வகுப்பு வாசலில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். கலர் அங்கே போனதும் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பச்சை என்றால் கெட்டிக்காரன், சிவப்பு என்றால் மக்கு என்று ஆனது. யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்பாஞ்சு, போர் வண்டி என்று சொன்ன வாய்களே “டேய் செவப்பு” என்று கூப்பிட்டன. படப்பலகையைத் திறக்கிறவர்கள் குறைந்தார்கள்; படிக்கத் தெரியாத பையன்கூட எழுத்துப் பலகையைத் திறந்துவைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான், அடுத்த லிஸ்டில் பச்சை வரட்டும் என்று. செவ்வாய்க்கிழமை ஆட்டுக்காரர் மகள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

லீவு முடிந்து டீச்சர் வந்தது புதன்கிழமை. வாசலில் நின்று மூன்று தாள்களையும் படித்தார். நான் தூரத்தில் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வந்து, “அண்ணா, கலர் அடிச்சது ஆரு?” என்றார்.

“நாந்தானுங்க டீச்சர்.”

தாள்களை இன்னொரு தடவை பார்த்தார். “நல்லா அழகா அடிச்சிருக்கீங்க” என்றார். திட்டியிருந்தால் சாயங்காலம் மறந்திருப்பேன்.

அன்று பள்ளி விட்டதும் அவர் ஸ்கூட்டரிலும் நான் என் மொபெட்டிலுமாக மலையடிவாரத்துக்குப் போனோம். ஆட்டுக்காரர் பட்டிக்கு வெளியே நின்று பேசினார். உள்ளே கூப்பிடவில்லை. “எம்புள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னு நீங்களே எழுதி ஒட்டிப்புட்டீங்க. இனி நான் எதுக்கு அனுப்பறது? சொல்லுங்க, நீங்கதானே படிச்சவங்க” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பெண் ஆட்டுக்குட்டியைப் பிடித்தபடி அப்பாவுக்குப் பின்னாலிருந்து டீச்சரிடம் மட்டும் சொன்னாள்: “நான் எனக்காகத் தெறக்கல டீச்சர். அவங்க கேட்டாங்க, காட்டுனேன்.”

“தெரியுங் கண்ணு” என்றார் டீச்சர். “நீ காட்டறத நான் பாத்துட்டுத்தான இருந்தேன்.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “வெள்ளிக்கெளம கூட்டம் இருக்குதுங்க. நீங்களும் வரோணும். புள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டமுங்க” என்றார்.

திரும்பி வந்ததும், இன்னும் ஆபீஸில் இருந்த ஹெட்மாஷிடம் போய்த் தாளைக் கிழிக்கச் சொன்னார். அங்கேதான் விஷயம் இன்னும் பெரிசாக இருந்தது. ஹெட்மாஷ் அதற்குள் ஒரு திட்டமே போட்டுவைத்திருந்தார். குழு வருவதற்குள் வகுப்பைப் பிரிப்பது. பச்சையும் மஞ்சளும் லேப்டாப்களோடு வகுப்பில் இருக்கும். சிவப்பு, பழைய ஸ்டோர் ரூமில், தினக்கூலிக்கு ஒரு ஆளை வைத்து அ, ஆ எழுதிப் பழகும். “அவர்க்கு ஸ்பெஷல் கவனம் கிட்டுமல்லோ டீச்சரே!” கதவுக்கு வெளியே டீத் தட்டோடு நின்ற எனக்கே பொறுக்கவில்லை. யாருக்காக டீச்சர் வரப்பு வரப்பாகப் போய்ப் படம் பிடித்தாரோ அந்தப் பிள்ளைகளிடமிருந்தே பலகையைப் பிடுங்கி, அது தேவையே இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அதற்கு ஆதாரம், நான் அடித்த கலர். டீச்சர் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். “மாஷே, அந்தக் கணக்கு அவங்களைப் பிரிக்கறதுக்கு இல்லீங்க. நான் என்னைத் திருத்திக்கறதுக்கு.” ஹெட்மாஷ், பி.டி.ஏ. முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் சமையல் அக்காவிடம் என் பாட்டைச் சொல்லி அழுதேன். அவர் சாம்பார்க் கரண்டியை நிறுத்தாமலே, “ஒருத்தன் ரெண்டு கரண்டி திங்கறான், ஒருத்தி நாலு கரண்டி திங்கறா. அதுக்குன்னு நாலு கரண்டிக்காரிய ஸ்டோர் ரூம்லயா உக்கார வெக்கறேன்? போய்யா, வழிய உடு” என்றார். அந்த அக்கா ஒன்றாம் வகுப்பு தாண்டாதவர். பி.எட். படித்தவர்கள் கூடிக் கூடிப் பேசிப் புரிந்துகொள்ளாததை சாம்பார் ஊற்றியபடி சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்காக வகுப்பு வாசலிலிருந்து தாள்களைப் பெயர்த்து ஹால் மேடையில் ஒட்டியதும் நான்தான். சொன்னால் செய்கிற வேலைக்காரன். தாய் தகப்பன்மார் வந்து வந்து பார்த்தார்கள். பி.டி.ஏ. பிரசிடெண்ட் பெரிய தோப்புக்காரர். பச்சைத் தாளில் மகன் பெயரை விரலால் தடவி, “என்ற பையன் பச்சைங்க” என்று முன்வரிசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பின்னாலிருந்து ஒருவர், “பச்சைன்னா என்னுங்க, சிக்னலா? பஸ்ஸு நிக்காமப் போயிருமா?” என்று கேட்க, கொஞ்சம் சிரிப்பு. சிவப்பில் பிள்ளையின் பெயரைக் கண்ட ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுகொண்டார். சிவப்புப் பிள்ளைகளின் வீட்டார் யாரும் உட்காரவில்லை. நாற்காலி காலியாகக் கிடந்தும் உட்காரவில்லை. அந்த நாற்காலிகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. கூட்டம் பாதியில் இருக்கும்போது ஆட்டுக்காரர் மகளோடு வந்து கதவுக்கு வெளியே நின்றார். பெண் யூனிஃபார்மில் வரவில்லை. டீச்சர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஹெட்மாஷ் தன் திட்டத்தை விளக்கினார். பிரசிடெண்ட் எழுந்து, “நல்ல ஏற்பாடுங்க. ஓடற மாட்டையும் நிக்கற மாட்டையும் ஒண்ணாக் கட்டுனா ரெண்டுக்கும் கேடுதான்” என்றார். கைதட்டினார்கள். சில சிவப்பு வீட்டாரே தட்டினார்கள், எதற்கென்று தெரியாமல். “அப்போ எல்லாருக்கும் சம்மதம் அல்லே?” என்று ஹெட்மாஷ் கேட்டபோதுதான் டீச்சர் எழுந்தார். நான் ஆரம்பத்தில் சொன்ன பேச்சு அப்போது வந்தது.

நடந்தது இவ்வளவு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பு பிரியவில்லை. அன்றைக்கே மூன்று தாள்களும் இறங்கின. ஆட்டுக்காரர் மகள் திங்கட்கிழமை யூனிஃபார்மில் வந்தாள். இப்போது அவள் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஹையர் செகண்டரி படிக்கிறாள். வழியில் பார்த்தால் சிரிப்பாள், நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன். குழு வந்தது, பார்த்தது, போனது. ஹெட்மாஷ் ரிடையர் ஆகிப் போகும்வரை என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சர் இடுக்கிப் பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாறுதல் கேட்டுப் போய்விட்டார்; கணவருக்கு அங்கே வேலை. தேயிலைக் கொழுந்தையும் மூடுபனியில் நிற்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளையும் படம் எடுத்துச் சில சமயம் எனக்கு அனுப்புவார். எல்லாம் சரியாகிவிட்டது மாதிரித்தான் இருக்கிறது.

ஆனால் எங்கள் பள்ளியில் இப்போது புதிதாக ஒரு தளம் வாங்கியிருக்கிறார்கள். அதில் யாரும் உட்கார்ந்து கலர் அடிக்க வேண்டியதில்லை. பிள்ளை ஒரு படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தால் போதும், பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு தானாக வந்து விழுகிறது. அம்மா போனுக்கும் போய்விடுகிறது. டெமோ காட்ட வந்த டை கட்டிய தம்பி, “அழகா இருக்குல்ல சார்?” என்று என்னைக் கேட்டான். படங்கள் வெளியூர்ப் படங்கள். கிணற்றுக்குக் கூரை இருக்கிறது. அந்தச் சிவப்பு எதற்கு என்று கேட்டேன். யாருக்குக் கவனம் தேவை என்று தெரிவதற்காம். எனக்கு வந்த கோபத்தில் அவன் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து வீசியிருப்பேன். வீசவில்லை. பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டான், காட்டினேன். அன்றும் சொன்னதைச் செய்தவன், இன்றும் சொன்னதைச் செய்கிறவன். அன்று ஹாலில் எழுந்து நிற்க ஒருவர் இருந்தார்.

“ஆருடெ பேரு டீச்சரே?” என்று ஹெட்மாஷ் கேட்டார் என்று சொன்னேன் அல்லவா. டீச்சர் வாயால் பதில் சொல்லவில்லை. மேடை ஏறினார். வருகைப் பதிவேட்டின் மேல் கிடந்த மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினார். சிவப்புத் தாளில் ஆட்டுக்காரர் மகளின் பெயருக்கு மேலே, நான் அழிக்காவிட்டால் வந்திருக்கும் இடத்தில், கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய தமிழ் எழுத்தில் ஹெட்மாஷின் பெயரை எழுதினார்.

ஹால் முழுக்கப் படித்தது. பிரசிடெண்ட் படித்தார், அவர் வாய் அப்படியே நின்றது. சுவரோரம் நின்ற அம்மா முந்தானையை எடுத்தார். யாரோ, “அட என்னுங்க இது!” என்றார்கள். பெயரைப் படித்த எல்லோரும் மாறி மாறி ஹெட்மாஷைப் பார்த்தார்கள். ஹெட்மாஷ் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, எல்லோரும் சிரிக்கப்போகிறார்களா என்று தெரியாமல் தானும் பாதி சிரித்துக்கொண்டு நின்றார். கடைசியில் என் பக்கம் குனிந்து, “எந்தா எழுதியது? ஒன்னு வாயிக்கெடோ” என்றார். எத்தனை காகிதம் அவருக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறேன். அன்று இந்த ஒன்றை வாசிக்கவில்லை. அவர் நெற்றியில் வியர்வை பொடிந்தது. படிக்கத் தெரியாமல் நாலு பேர் நடுவில் நிற்கிற மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். கதவோரம் நின்ற பெண்ணும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரும் அந்த முகத்தைப் பார்த்தார். மார்க்கரை மூடி வைத்தார். புரொஜெக்டரில் மாட்டியிருந்த லேப்டாப்புக்குப் போனார். ஒரு புதுப் பலகையை விரித்தார். சுதந்திர தின விழாவில் ஹெட்மாஷ் கொடியேற்றுகிற படத்தைத் தேடி எடுத்து அதில் ஒட்டினார். படத்துக்குக் கீழே அவருடைய பெயரைத் தமிழில் அடித்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, எந்தப் பிள்ளைக்கும் செய்கிற மாதிரியே, விரலை முதலில் படத்தின் மேல் வைத்தார். ஹெட்மாஷ் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் விரலைக் கீழே இறக்கி, முதல் எழுத்தின் மேல் வைத்து, அவர் சொல்வதற்காகக் காத்திருந்தார்.